விஞ்ஞானச் செய்தியும் வீரகதை மரபும்

விஞ்ஞானச் செய்தியும் ஓர் இலக்கிய வடிவமே. அதற்கெனக் கதையமைப்பு உண்டு, பாத்திரங்கள் உண்டு, உச்சக்கட்டம் உண்டு, வாசகரிடத்தே எழுப்பக் கருதும் உணர்ச்சியும் உண்டு. நாவலையும் சிறுகதையையும் அவை தோன்றிய சமூகப் பின்னணியில் வைத்து ஆராயப் பழகிய நாம், நாள்தோறும் நம் மாணவர் கைகளிலே வந்து சேரும் இவ்வடிவத்தை மாத்திரம் வெறுந் தகவல் என்று கருதி ஆராயாது விட்டுவிடுகிறோம்.

தொழினுட்பக் கொம்பனிகளைப் பற்றியும், அவை பறைசாற்றும் விஞ்ஞானச் சாதனைகளைப் பற்றியும் கடந்த சில ஆண்டுகளாக நடைபெற்றுவரும் வாதப் பிரதிவாதங்களை நோக்குவோர், அங்கே இரு கட்சியினரை எளிதில் இனங்காணலாம். ஒரு கட்சியினர் துதிபாடுவோர். ஒவ்வொரு புதிய அறிவித்தலும் அவர்களுக்கு யுகமாற்றம். மற்றக் கட்சியினர் எள்ளி நகையாடுவோர். ஒவ்வொரு அறிவித்தலும் அவர்களுக்குப் பங்குச்சந்தை விளம்பரம். இவ்விரு சாராரும் மோதிக்கொண்ட களங்கள் பல. அவற்றுள்ளே புரதங்களின் வடிவம் பற்றிய விவாதத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். தெரானோஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி, ஒரு துளிக் குருதியிலே நூறு பரிசோதனை செய்வதாகச் சொல்லி உலகை ஏமாற்றியதும், அதனை நிறுவிய பெண்மணி 2022 ஜனவரியிலே குற்றவாளியாகக் காணப்பட்டதும் யாவரும் அறிந்தவை. பொய்யான சரக்கைக் கண்டிப்பதற்குப் பெரிய விமர்சன ஆற்றல் தேவையில்லை. புரதத்தின் கதையிலோ சாதனை மெய்யானது. அதனைச் சொல்லிய முறைதான் பொய்யானது. ஆதலின் அது நம் கவனத்துக்கு அதிக உரிமையுடையது.

பொருள் விளங்குதற்பொருட்டுச் சிறிது விஞ்ஞானம் பேசவேண்டியுள்ளது. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் மணிபோலக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. அச்சங்கிலி உயிர்க்கலத்தினுள்ளே மடிந்து சுருண்டு ஒரு குறித்த வடிவத்தைப் பெறுகிறது. குருதியிலே ஒட்சிசனைச் சுமப்பதும், உண்ட உணவைச் சமிக்கச் செய்வதும், நோய்க்கிருமியைப் பற்றிப் பிடிப்பதும் அவ்வடிவத்தைப் பொறுத்த செயல்களே. சங்கிலியின் ஒழுங்கை அறிதல் இன்று மலிவான காரியம். வடிவத்தை அறிதலோ அவ்வாறன்று. புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, பளிங்காக வளர்த்து, அதனூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, விழுந்த புள்ளிகளை அளந்து, மாதக்கணக்கிலும் சிலவேளை ஆண்டுக்கணக்கிலும் உழைத்தே அதனைப் பெறவேண்டும். ஒழுங்கு தெரிந்தால் அதிலிருந்து வடிவத்தைக் கணித்துவிட முடியாதா என்ற வினா, 1972ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு பெற்ற கிறிஸ்ரியன் அன்பின்சன் காலந்தொட்டு விஞ்ஞானிகளை வருத்திவந்தது.

1994ஆம் ஆண்டு தொடக்கம் இரண்டாண்டுக்கு ஒருமுறை இதற்கென ஒரு பரீட்சை நடைபெற்று வருகிறது. காஸ்ப் என்பது அதன் சுருக்கப் பெயர். ஆய்வுகூடங்களிலே கண்டறியப்பட்டும் இன்னும் வெளியிடப்படாத வடிவங்கள் சில மறைத்து வைக்கப்படும். சங்கிலியின் ஒழுங்கு மாத்திரம் பரீட்சார்த்திகளுக்கு அளிக்கப்படும். அவர்கள் கணித்துத் தரும் வடிவம் பின்னர் உண்மை வடிவத்தோடு ஒப்பிடப்படும். 2020ஆம் ஆண்டுப் பரீட்சையிலே, 2010இல் லண்டனில் தோன்றி 2014இல் கூகிளுக்கு உடைமையாகிய டீப்மைண்ட் கொம்பனியின் அல்பாபோல்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு, நூற்றுக்கு 92.4 என்ற இடைநிலைப் புள்ளியைப் பெற்றது. தொண்ணூறு புள்ளி பெற்றால் ஆய்வுகூட அளவீட்டுக்கு ஏறக்குறைய நிகர் என்பது அத்துறையினர் கொண்ட கணக்கு. நவம்பர் 30ஆம் திகதி வெளிவந்த கொம்பனியின் அறிவித்தல், ஐம்பதாண்டு காலப் பெருஞ்சவாலுக்குத் தீர்வு கிடைத்துவிட்டதென்று முரசறைந்தது. மறுநாட் பத்திரிகைகள் அம்முரசொலியையே எதிரொலித்தன.

அச்செய்திகளின் கதையமைப்பை நம் இலக்கிய மாணவர் எளிதிலே இனங்கண்டுகொள்வர். ஆயிரம் யானைகளைப் போரிலே கொன்ற வீரனுக்கே பரணி பாடப்படும் என்பது நம் இலக்கண நூலார் வகுத்த மரபு. பரணியிலே வென்றவன் பெயர் உண்டு. மடிந்த யானைகளுக்குத் தொகை உண்டு. பெயரின்றிப் போவோர் களத்திலே நின்ற போர்வீரர்கள். டீப்மைண்ட் செய்தியிலும் அவ்வாறே. முதலிலே பிள்ளைத்தமிழ்: கொம்பனியை நிறுவியோருள் ஒருவரான டெமிஸ் ஹசாபிஸ் சிறுவயதிலேயே சதுரங்க வல்லவராக விளங்கினார். அடுத்து முதற் போர்: 2016இலே சியோல் நகரில் 'கோ' விளையாட்டின் மாவீரர் லீ செடோலைக் கொம்பனியின் இயந்திரம் தோற்கடித்தது. ஈற்றிலே பெரும்போர்: மனிதரை வென்ற இயந்திரம் இயற்கையையும் வென்றது. இக்கதையிலே பொய்யான சம்பவம் ஒன்றுதானும் இல்லை. சம்பவங்களைத் தெரிந்தெடுத்த முறையிலேதான் பொய் தங்கியுள்ளது.

எதிர்க்கட்சியினர் என்ன செய்தனர்? இயந்திரம் எதையும் விளங்கிக்கொள்ளவில்லை, பழைய விடைகளை மனனம் பண்ணியது என்றனர். சங்கிலி எவ்வாறு மடிகிறது என்பதை அது கூறவில்லை, மடிந்த பின்னுள்ள தோற்றத்தையே கூறுகிறது என்றனர். பின்னைய கண்டனம் நியாயமானது. மனிதப் புரதங்கள் ஏறக்குறைய யாவற்றையும் கணித்து 2021இலே கொம்பனியார் வெளியிட்ட கட்டுரையிலும், அமினோ அமில நிலைகளுள் 58 வீதம் நம்பத்தக்கவை, 36 வீதமே மிக நம்பத்தக்கவை என்று அவர்களே வெளிப்படையாகக் குறித்திருந்தனர். கட்டுரையிலே இருந்த இவ்வடக்கம் செய்தியிலே இல்லாமற்போனது. ஆயினும் நகையாடுவோர் கதையின் சட்டகத்தை மாற்றினார்களல்லர். வீரன் இருந்த இடத்திலே வேடதாரியை நிறுத்தினார்கள், அவ்வளவே. மேடையின் நடுவிலே நிற்பது கொம்பனிதான் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை.

இயந்திரம் மனனம் பண்ணியது என்றால், அது கற்ற பாடநூலை எழுதியவர் யார்? இவ்வினாவே விவாதம் முழுவதிலும் எழுப்பப்படாது போயிற்று.

அப்பாடநூலின் முதற் பக்கம் 1934ஆம் ஆண்டிலே எழுதப்பட்டது. சுவீடனின் உப்சாலா நகரிலே பில்பொட் என்ற ஆய்வாளர் பெப்சின் என்னும் நொதியத்தைக் குளிர்ச்சாதனத்திலே வைத்துவிட்டு விடுமுறைக்குச் சென்றார். திரும்பியபோது அதிலே பெரிய பளிங்குகள் வளர்ந்திருந்தன. அவற்றுட் சில ஒரு நண்பர் மூலம் கேம்பிரிட்ஜை அடைந்தன. அங்கே ஜே. டி. பேர்னலும், பின்னாளிலே டொரதி ஹொட்ஜ்கின் எனப் புகழ்பெற்ற டொரதி குரோபுட்டும், பளிங்கை அது வளர்ந்த திரவத்திலிருந்து பிரித்து உலரவிடாது ஈரமாகவே வைத்துப் படம்பிடித்தால் புள்ளிகள் தெளிவாக விழும் என்று கண்டனர். புரதத்துக்கு ஒழுங்கான அணுவமைப்பு உண்டு என்பதற்கு அதுவே முதற் சான்று. பேர்னலிடம் வியன்னாவிலிருந்து வந்து சேர்ந்த மக்ஸ் பெரூட்ஸ், 1937இலே ஈமோகுளோபினை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் அதனோடு போராடினார். அவரும் மயோகுளோபினின் வடிவத்தைக் கண்ட ஜோன் கென்ட்ரூவும் 1962இலே நோபெல் பரிசைப் பகிர்ந்தனர். ஹொட்ஜ்கின் 1935இலே முதன்முதற் படம்பிடித்த இன்சுலினின் வடிவத்தை 1969இலேயே கண்டார். இடைப்பட்ட முப்பத்துநான்கு ஆண்டுகளிலே முடக்குவாதம் அவர் கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டது. அமைதி இயக்கத் தொடர்பு காரணமாக 1953இலே அமெரிக்கா அவருக்கு அனுமதி மறுத்ததும் அக்காலத்திலேதான்.

பேர்னலைப் பற்றி ஒரு வார்த்தை. விஞ்ஞானம் சமூகத்தின் உழைப்பு, சமூகத்துக்கே அது கடமைப்பட்டது என்ற கருத்தை 1939இலே விரிவான நூலாக எழுதியவர் அவர். இடதுசாரிகளாகிய நாம் அவரைப் பெருமையோடு நினைவுகூர்வது வழக்கம். ஆனால் லைசென்கோ என்பாரின் போலி மரபியலுக்கு அவர் பரிந்து பேசினார் என்பதையும் நாம் மறைத்தலாகாது. நம் பக்கத்தவர் என்பதற்காகப் பேர்னலுக்கு மாத்திரம் நாமொரு பரணி பாடுவோமாயின், கொம்பனியின் பரணியைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.

பேர்னலின் சுவடு சென்னையிலும் பதிந்தது. 1952ஆம் ஆண்டளவிலே அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் திருப்திகரமாக விளக்கப்படவில்லை என்று அங்கிருந்த பௌதிகப் பேராசிரியர் ஜீ. என். இராமச்சந்திரனிடம் கூறினார். கங்காரு வாலின் தசைநாணைக் கொண்டு ஆராய்ந்த இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்பதை 1954இலே வெளியிட்டனர். பின்னர் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அவரோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் வளைய முடியும், எவ்வெக் கோணங்களில் வளைய முடியாது என்பதைக் கணித்து 1963இலே ஒரு வரைபடமாக வெளியிட்டனர். இன்றும் உலகின் எந்த மூலையிலே ஒரு புரத வடிவம் கண்டறியப்பட்டாலும், அது சரியா பிழையா என்பதை இராமச்சந்திரன் வரைபடத்தோடு ஒப்பிட்டே சரிபார்ப்பர். பெரிய கணனிகள் எவையும் அற்ற ஒரு பல்கலைக்கழகத்திலே, பொதுப் பணத்திலே நடந்த வேலை அது.

இவ்வாறு ஆங்காங்கே கண்டறியப்பட்ட வடிவங்களை ஓரிடத்திலே சேர்த்து எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி செய்தல் வேண்டும் என்ற எண்ணம், 1971இலே அமெரிக்காவின் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்திலே புரதத் தரவுக் களஞ்சியமாக உருப்பெற்றது. தொடக்கத்திலே அதில் இருந்தவை ஏழே வடிவங்கள். தம் உழைப்பைப் பிறர் அள்ளிச் செல்வர் என்று தயங்கிய ஆய்வாளர் பலர். ஆய்வுக் கட்டுரையை வெளியிடுவோர் வடிவத்தையும் களஞ்சியத்திலே சேர்த்தல் வேண்டும் என்று அத்துறையினரே தம்முள் வாதிட்டு, 1980களின் இறுதியிலே விதி செய்தனர். பிறகே அக்களஞ்சியம் நிறைந்தது. அல்பாபோல்ட் அதிலே கற்றபோது ஏறத்தாழ 1,70,000 வடிவங்கள் அங்கு இருந்தன. ஒரு வடிவத்தைக் கண்டறியச் சராசரியாக ஓரிலட்சம் அமெரிக்க டொலர் செலவாகும் என்பது களஞ்சியத்தார் மதிப்பீடு. அக்கணக்கின்படி இயந்திரம் விலையின்றிப் பெற்ற பாடநூலின் பெறுமதி 1,700 கோடி டொலர் வரையிலாகும். அதிலே பெரும்பங்கு, பல நாட்டு மக்கள் செலுத்திய வரி. பரீட்சையின் விடைத்தாளைத் தயாரித்துக் கொடுத்தவர்களும் அதே ஆய்வுகூடத் தொழிலாளர்கள்தாம். தம் வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குப் புள்ளியிடத் தம் வேலையையே உரைகல்லாக அளித்தார்கள்.

செய்தி எழுதுவோரின் குறைபாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1964இலே ஹொட்ஜ்கினுக்கு இரசாயன நோபெல் பரிசு கிடைத்தபோது, பிரித்தானியப் பத்திரிகையொன்று அவரை ஒக்ஸ்போர்ட் இல்லத்தரசி என்று தலைப்பிட்டு மகிழ்ந்தது. மற்றொன்று மூன்று பிள்ளைகளின் தாய்க்குக் கிடைத்த பணத்தின் தொகையைத் தலைப்பிலே போட்டது. அன்றைய நடுத்தர வர்க்க வாசகருக்கு இல்லத்தரசிக் கதை உவப்பாயிருந்தது. இன்றைய வாசகருக்குக் கொம்பனி நாயகன் கதை உவப்பாயிருக்கிறது. உழைப்பு எப்படி நடந்தது என்பது இரண்டிலும் இல்லை. ஹொட்ஜ்கினோ இன்சுலின் வடிவம் துலங்கிய ஆண்டிலே, அதனை உலக மாநாட்டில் முதன்முறை அறிவிக்கும் உரையைத் தாம் நிகழ்த்தாது, தம் குழுவிலிருந்த ரொம் புளண்டல் என்ற இளைஞரை நிகழ்த்தச் சொன்னார். வெளியான கட்டுரையிலே பத்துப் பெயர்கள் உள. ஹொட்ஜ்கினின் பெயர் எட்டாவது. இந்தியாவிலிருந்து சென்ற விஜயனின் பெயர் அதற்கு முன் வருகிறது. அல்பாபோல்ட் கட்டுரையிலும் முப்பதுக்கு மேற்பட்டோர் பெயர்கள் உண்டு என்பதை நேர்மை கருதிச் சொல்லவேண்டும். செய்தியிலே எஞ்சியவை ஒன்றிரண்டு.

பெயர் போனால் போகட்டும், பலன் யாவருக்கும் கிடைக்கிறதே என்று கேட்கலாம். 2021இலே அக்கேள்விக்கு இடமிருந்தது. அவ்வாண்டு ஜூலையிலே கொம்பனியார் தம் கட்டுரையோடு நிரலையும் வெளியிட்டனர். ஐரோப்பியப் பொது நிறுவனமொன்றோடு சேர்ந்து, 2022 ஜூலையிலே இருபது கோடிக்கு மேற்பட்ட கணிப்புகளை எவரும் எடுத்தாளும்படி திறந்துவிட்டனர். பெரிய ஆய்வுகூட வசதியில்லாத நாடுகளின் ஆராய்ச்சி மாணவருக்கு அது மெய்யான கொடை. அதனைக் கொடை என்று ஒப்புக்கொள்ளாத இடதுசாரியம் வெறும் வெறுப்பாகவே எஞ்சும்.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. மருந்து கண்டுபிடிப்பதை வியாபாரமாகக் கொண்ட ஐசொமோர்பிக் என்ற சகோதரக் கொம்பனி 2021இலே தோற்றுவிக்கப்பட்டது. 2024 ஜனவரியிலே அது எலை லில்லி, நொவார்ட்டிஸ் ஆகிய மருந்துப் பெருங்கொம்பனிகளோடு ஒப்பந்தங்களை அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி அல்பாபோல்ட்டின் மூன்றாம் வடிவம் 'நேச்சர்' சஞ்சிகையிலே வெளியாயிற்று. புரதத்தோடு மருந்து மூலக்கூறு எவ்வாறு பிணையும் என்பதையும் கணிக்க வல்லது அது. இம்முறை நிரல் வெளியிடப்படவில்லை. கொம்பனியின் இணையவாயிலிலே நாளொன்றுக்கு இத்தனை கணிப்பு என்ற கட்டுப்பாட்டோடு, விரும்பிய மருந்து மூலக்கூறை இட்டுப் பார்க்கும் வசதியின்றி, வியாபாரமல்லாத தேவைக்கு மாத்திரம் அனுமதி. கிடைக்கும் விடைகளைக் கொண்டு இதுபோன்ற வேறோர் இயந்திரத்தைப் பயிற்றலாகாது என்பதும் நிபந்தனை. பொதுக்களஞ்சியத்திலே கேள்வியின்றிக் கற்ற இயந்திரம், தன்னிடம் எவரும் கற்கலாகாது என்று கதவடைத்தது.

பிறர் செய்து பார்த்துச் சரிபார்க்கமுடியாத ஒன்றை ஆய்வுக் கட்டுரை என்று எவ்வாறு அழைப்பது என்று வினவி விஞ்ஞானிகள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதிற் கையொப்பமிட்டனர். நிரல் வெளியிடப்படல் வேண்டும் என்ற தன் சொந்த விதியிலிருந்து இதற்கு விலக்களித்ததை நியாயப்படுத்தி 'நேச்சர்' தலையங்கம் எழுதவேண்டியதாயிற்று. சில நாள்களிலேயே கொம்பனி இறங்கிவந்து, ஆறு மாதத்தினுள் நிரலைத் தருவதாகச் சொல்லி, நவம்பர் 11ஆம் திகதி தந்தது. அதுவும் வியாபாரமல்லாத பாவனைக்கு மாத்திரம், பயிற்றப்பட்ட எடைகளை விண்ணப்பித்துப் பெறவேண்டும் என்ற நிபந்தனையோடு. இடையிலே ஒக்டோபர் 9ஆம் திகதி, இரசாயன நோபெல் பரிசின் ஒரு பாதி ஹசாபிஸுக்கும் அவர் சகா ஜோன் ஜம்பருக்கும், மறுபாதி புதிய புரதங்களை வடிவமைத்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டேவிட் பேக்கருக்கும் வழங்கப்பட்டது. அவ்வாரச் செய்திகளுட் பெரும்பாலானவை செயற்கை நுண்ணறிவு பரிசு வென்றது என்பதையே கொண்டாடின. ஐந்து மாதங்களுக்கு முன் அத்துறையினர் ஆயிரம் பேர் எழுப்பிய வழக்கு அவற்றிலே ஓரத்துச் செய்தியாகத்தானும் அரிதாகவே இடம்பெற்றது.

கொம்பனியின் பக்கம் பேசுவோர், பெருந்தொகை முதலீடும் கணனிப் பலமும் பொறியியலாளரும் இன்றி இது நடந்திருக்காது என்பர். இதனை முற்றாக மறுத்தற்கில்லை. ஆயினும் பேக்கரின் பல்கலைக்கழகக் குழு, 2020 பரீட்சையிலே கேட்ட சுருக்கமான விளக்கத்தை வைத்துக்கொண்டே, கொம்பனியின் நிரலைப் பாராமல் ஏறக்குறைய அதே வலிமையுள்ள ஒன்றை ஆக்கி, 2021 ஜூலையிலே வெளியிட்டது. வழி காட்டியவர் கொம்பனியார் என்பது உண்மை. அவ்வழியிலே நடக்கப் பிறருக்கும் கால்கள் இருந்தன. மேலும், முதலிட்டவனுக்கு இலாபம் உரியது என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், பெப்சின் பளிங்கு தொடங்கி ஒரு இலட்சத்து எழுபதாயிரம் வடிவங்கள் வரை முதலிட்டவர் யார் என்ற கணக்கு எஞ்சியே நிற்கிறது.

நம் பாடசாலைகளிலே விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்கள், இத்தகைய செய்தியை மாணவருக்கு வாசித்துக் காட்டும்போது, இயந்திரம் மனிதனை வென்றுவிடுமா என்ற பட்டிமன்றத் தலைப்பிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அப்பட்டிமன்றம் சுவையானது, மாணவர் கைதட்டுவர். இயந்திரம் எதிலே கற்றது, அதனைச் சேர்த்தவர் யார், விடை எவர் கையிலே தங்குகிறது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால், விடை சொல்ல ஆசிரியருக்கு இங்கே கூறிய வரலாறு சிறிதளவேனும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அக்களஞ்சியத்தின் எதிர்காலமும் உறுதியானதன்று. அமெரிக்காவிலே அதனைப் பேணுவது அரசாங்க நிதி. அந்நிதியை வழங்குவோருள் ஒன்றாகிய தேசிய விஞ்ஞான நிதியத்தின் பணத்தை ஒரேயடியாகப் பாதிக்கு மேல் வெட்டுமாறு வெள்ளை மாளிகை 2025 மே மாதத்திலே முன்மொழிந்தது. முன்மொழிவு சட்டமாகாது, எனினும் எந்தத் திசையிலே காற்று வீசுகிறது என்பதை அது காட்டியது. அதே ஆண்டிலே அபிவீ, ஜோன்சன் அன் ஜோன்சன் முதலான மருந்துக் கொம்பனிகள், தத்தம் பெட்டகங்களிலே இதுவரை பூட்டிவைத்திருந்த புரத வடிவங்களைக் கொண்டு ஓர் இயந்திரத்தைப் பயிற்றுவதற்குத் தம்முள் இணங்கின. எந்தக் கொம்பனியின் வடிவமும் அதன் வாயிலைத் தாண்டி வெளியே போகாது என்பது அவ்விணக்கத்தின் அடிப்படை. அவர்கள் பயிற்ற எடுத்துக்கொண்ட இயந்திரத்துக்கு ஆரம்பப் பாடம் புகட்டியது, 1971இலே ஏழு வடிவங்களோடு தொடங்கிய அதே பொதுக்களஞ்சியம்.